தொப்பி, பனியன், சேலை: இலங்கையில் உடை இன அடையாளமான வரலாறு

1948இல் பொறுப்பிலிருந்த இலங்கை அமைச்சரவையின் படங்களில் பெரும்பாலும் கோட்டும் கழுத்துப்பட்டியும்தான் தெரியும். எட்டு ஆண்டுகள் கழித்து 1956இல் வந்த அமைச்சரவையின் படங்களிலோ வெள்ளைத் துணியும், பனியன் எனப்பட்ட கழுத்துப்பட்டை இல்லாத நீண்ட கைச் சட்டையும் நிறைந்திருக்கின்றன. இந்த மாற்றத்தை ஒரு தேர்தலின் விளைவாகப் பார்ப்பது வழக்கம். ஆனால் அதற்குப் பின்னால் அறுபது எழுபது ஆண்டுகள் நீண்ட ஒரு சண்டை இருந்தது; சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் அதில் பங்கெடுத்தார்கள். ஐரோப்பிய உடைக்கு எதிராகத் தொடங்கிய அந்தச் சண்டை, அயலாரிடமிருந்து தம்மைப் பிரித்துக் காட்டும் போட்டியாக எப்படித் திரும்பியது, அதன் சுமை யார் உடம்பில் இறங்கியது என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள். இந்தத் துறையில் வரலாற்றாய்வாளர் நீரா விக்கிரமசிங்க 2003இல் வெளியிட்ட நூல் முன்னோடி. ஆனால் அவர் ஆய்வின் களம் காலனிய காலத்துக்குரியது. அதற்குப் பின் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சித்திரம் கொஞ்சம் மாறுகிறது.

ஐரோப்பியர் வருமுன் இத்தீவில் உடை சுதந்திரமாக இருந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். 1660 முதல் 1679 வரை கண்டி அரசில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் அச்சான தம் நூலில், யார் எவ்வளவு நீளத் துணி உடுக்கலாம், எந்தப் பெண் யார் முன்னே தோளை மூடலாம் என்பதெல்லாம் சாதிப்படி வகுக்கப்பட்டிருந்ததை விவரிக்கிறார். யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் குறுக்குக்கட்டோடு நிற்க வேண்டும். ஆண்கள் வேளாளர் முன்னே தோளில் கிடக்கும் சால்வையை எடுத்துக் கமக்கட்டில் இடுக்கிக்கொள்ள வேண்டும். திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பின்னாளில் ‘நம் பண்பாட்டு உடை’ என்று மேடைகளில் புகழப்பட்ட வேட்டியும் சால்வையும் எல்லோருக்கும் ஒருபோதும் கிடைத்திருக்கவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறேன். மிஷன் பள்ளிகளின் வழியே இரவிக்கையும் சட்டையும் பரவியபோது அவற்றைக் கிறித்தவ மோகம் என்று இகழ்ந்தவர்களும், அவற்றை விடுதலையாக அணிந்தவர்களும் ஒரே ஊரில்தான் வாழ்ந்தார்கள்.

பிரித்தானியர் காலத்தில் உருவான விசித்திரமான உடை, கரையோரச் சிங்கள முதலியார்களுடையது. காற்சட்டை, அதற்கு மேலே சுற்றிய துணி, பொத்தான் வைத்த கோட்டு, கொண்டையில் ஆமையோட்டுச் சீப்பு. அரசுக்கு நெருக்கமான உள்ளூர்க் குடும்பங்களின் சின்னம் அது. கிழக்கும் மேற்கும் ஒரே உடம்பில் அடுக்கடுக்காக நின்ற அந்தக் கோலத்தைப் பின்னாளில் சிங்கள மறுமலர்ச்சியாளர்கள் கேலிப் பொருளாக்கினார்கள்.

ஆனால் உடை பொது அரசியலாக வெடித்த முதல் பெரிய நிகழ்ச்சி முஸ்லிம்களிடம் நடந்தது. எகிப்தில் பிரித்தானியருக்கு எதிராக எழுந்து தோற்ற அறபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு, 1901 வரை கொழும்பிலும் கண்டியிலும் வாழ்ந்தார். அவரும் தோழர்களும் அணிந்த சிவப்புத் துருக்கித் தொப்பி, சோனகர் எனப்பட்ட தமிழ் பேசும் முஸ்லிம்கள் நடுவே கௌரவச் சின்னமாயிற்று. அவர் தூண்டுதலில் 1892இல் மருதானையில் தொடங்கிய பள்ளிதான் பிறகு ஸாஹிராக் கல்லூரி ஆயிற்று. இதே காலத்தில் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். 1888இல் அது ஆய்வுரையாகவும் வந்தது. சட்ட நிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி உறுப்பினர் வேண்டுமா என்ற கேள்வி அதற்குள் ஒளிந்திருந்தது. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு எழுதினார். எழுத்தில் மறுப்பு வருவதற்குள் தலையில் அது ஏறிவிட்டது என்பது என் வாசிப்பு. தமிழ் பேசும் ஒருவர் தாம் தமிழர் இல்லை என்று வீதியில் காட்ட வேண்டுமானால், பேச்சு உதவாது. கண்ணுக்குத் தெரியும் ஒன்று வேண்டும்.

1905 மே மாதம் எம். சி. அப்துல் காதர் என்ற வழக்கறிஞர் தொப்பியும் சப்பாத்துமாக உச்ச நீதிமன்றத்தில் தோன்றினார். பிரதம நீதியரசர் லேயார்டு அதை ஏற்கவில்லை. ஐரோப்பிய முறை என்றால் தலை திறந்திருக்க வேண்டும், கீழைத்தேய முறை என்றால் கால் வெறுமையாக இருக்க வேண்டும் என்பது அவருடைய தர்க்கம். பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் இந்த விதிக்குள் காலனியத்தின் அடிப்படை எண்ணம் அப்படியே கிடக்கிறது: நீ ஒன்று நாங்களாக இரு, இல்லையேல் நீயாக இரு; இரண்டும் கலந்து புதிதாக ஒன்றை நீயே ஆக்கிக்கொள்ளாதே. அப்துல் காதர் பணியவில்லை. 1905 டிசம்பர் 31 அன்று மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெருங்கூட்டம் கூடியது. இறுதியில் முஸ்லிம் வழக்கறிஞர்கள் தொப்பியோடு வாதாட வழி பிறந்தது. இலங்கை முஸ்லிம்கள் ஓர் அரசியல் சமூகமாகத் திரண்ட தொடக்கத் தருணங்களுள் ஒன்று தொப்பியைச் சுற்றி அமைந்தது என்பதை வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. அது போதாது.

சிங்களவர் பக்கம் அநகாரிக தர்மபாலர் நிற்கிறார். 1864இல் டொன் டேவிட் ஹேவாவிதாரண என்ற பெயரோடு கொழும்பில் ஒரு வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் மாறியது பெயர், பிறகு உடை. இல்லறத்தாரும் அல்லாத, பிக்குவும் அல்லாத ஒரு நிலையைத் தமக்கென வகுத்துக்கொண்டு, அதற்கேற்ற அங்கியையும் அணிந்தார். முறைப்படி அவர் துறவு ஏற்றது வாழ்வின் இறுதி ஆண்டுகளில்தான். 1898இல் அவர் சிங்களத்தில் வெளியிட்ட ‘கிஹி தின சரியாவ’ என்ற சிறுநூல், இல்லறப் பௌத்தர் எப்படி உண்பது, உடுப்பது, நடப்பது, வெற்றிலை போடுவது என்று இருபத்திரண்டு தலைப்புகளில் இருநூறு விதிகளைச் சொல்கிறது. மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர சுட்டியபடி, இவ்விதிகளில் பல, தர்மபாலர் வெறுத்த விக்டோரியா காலத்து ஐரோப்பிய ஒழுக்கத்திலிருந்தே வந்தவை. தொப்பி, காற்சட்டை, கொண்டைச் சீப்பு ஆகியவற்றை அவர் கடுமையாகச் சாடினார். பெண்களின் ஐரோப்பிய கவுணுக்கும், போர்த்துக்கேயர் வழி வந்த சட்டைக்கும் பதிலாகச் சேலையை முன்வைத்தார்.

இந்தச் சேலையில்தான் சிக்கல். கண்டிப் பெண்கள் உடுத்திய ஒசரிய என்ற சேலைக்கட்டு ஒரு வட்டார உடை. கரையோரச் சிங்களப் பெண்களுக்கு அது அந்நியம். ஐரோப்பியர் கடைசியாக வென்ற பகுதி என்பதால் கண்டி தூய்மையின் இருப்பிடமாயிற்று. அங்கே உடுத்தது முழுச் சிங்களத்துக்கும் உரியதாயிற்று. ஆணின் திருமண உடையும் இவ்வாறே. கண்டிப் பிரதானிகளான நிலமேக்களின் கோலத்தில் காலியிலோ மாத்தறையிலோ ஒரு மணமகன் இன்று நிற்கும்போது, அவனுடைய கொள்ளுப்பாட்டன் அதைக் கனவிலும் உடுத்தியிருக்க மாட்டான் என்பதை எவரும் பேசுவதில்லை.

தர்மபாலரின் காலத்திலேயே வேறொரு பாதையும் திறந்திருந்தது. ஆனந்த குமாரசுவாமி தலைவராக இருக்க, 1905இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. ஐரோப்பிய வழக்கங்களைச் சிந்தியாமல் பின்பற்றுவதை நிறுத்துவது அதன் நோக்கங்களுள் ஒன்று. இரவல் உடையைக் கண்டித்து அதே ஆண்டில் குமாரசுவாமி ஒரு சிறு வெளியீடும் எழுதினார். தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த ஒருவர், கண்டிக் கலைக்கும் உடைக்கும் வாதாடினார் என்பது கவனத்துக்குரியது. அவரிடம் சிங்கள உடை, தமிழ் உடை என்ற போட்டி இல்லை. கைத்தறியும் கைவினையும் ஒரு பக்கம், ஆலைத் துணி மறுபக்கம் என்பதே அவர் கண்ட பிளவு. இந்தப் பாதையில் நடந்தவர்கள் ஆங்கிலம் கற்ற சிலரே. ஊர் மக்கள் தர்மபாலரின் குரலையே கேட்டார்கள்.

1956இல் பிரதமரான எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் தந்தை சர் சொலமன் டயஸ் பண்டாரநாயக்க, மகா முதலியார். பதவிக்குரிய முழுக் கோலத்தில் அவர் எடுத்துக்கொண்ட படங்கள் புகழ்பெற்றவை. ஆங்கிலிக்கன் கிறித்தவராக வளர்ந்த மகன், ஆக்ஸ்போர்டிலிருந்து 1925இல் திரும்பினார். சில ஆண்டுகளில் பௌத்தரானார். துணியும் பனியனுமான தேசிய உடைக்கு மாறினார். 1933இல் இராட்டையையும் நெல்வயலையும் பற்றி அவர் எழுதிய சிறுநூல், இந்த உடையின் தாய்வீடு இந்தியா என்பதை மறைக்கவில்லை. 1927 நவம்பரில் காந்தி இலங்கையெங்கும் கதருக்கு நிதி திரட்டியிருந்தார். சிங்களத் தேசியத்தின் சீருடையாகப் பின்னர் ஆன உடை இந்தியத் தேசியத்தின் நிழலில் வளர்ந்தது.

அதே அலை யாழ்ப்பாணத்தையும் தொட்டது. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கி வாலிபர் காங்கிரஸாக வளர்ந்த இயக்கமே காந்தியை வடக்குக்கு அழைத்தது. ஹண்டி பேரின்பநாயகம் முதலிய அதன் தலைவர்கள் சுதேசி உடையையும் சமபந்தி போசனத்தையும் ஒருசேரப் பேசினார்கள். முழுச் சுதந்திரம் கேட்டு 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். அவர்கள் கட்டிய வேட்டி இலங்கையர் வேட்டி. தீவு முழுவதற்குமான தேசியம் ஒன்று, கதர் வேட்டியோடு யாழ்ப்பாணத்தில் சில ஆண்டுகள் உயிரோடு இருந்தது. தெற்கில் அதற்கு ஈடான துணை கிடைக்கவில்லை. இக்கதையில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி இதுவே.

பார்க்கப்போனால், சிங்களவர் கட்டிய வெள்ளைத் துணிக்கும் தமிழர் கட்டிய வேட்டிக்கும் நெசவில் பெரிய வேறுபாடு கிடையாது. கட்டும் விதத்திலும், கரையிலும், மேலே போடும் சட்டையிலும், தோளில் கிடக்கும் சால்வையிலும்தான் வேறுபாடு. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின் அந்தச் சிறு வேறுபாடுகள் பெரிதாயின. பௌத்தராக மாறிய பண்டாரநாயக்கவுக்கு எதிரே, கிறித்தவராகவே இருந்து சைவத் தமிழருக்குத் தலைமை தாங்கிய தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் நின்றார். ஆயினும் அக்கட்சியின் மேடைகளில் வெள்ளை வேட்டி சால்வையே இலக்கணம் ஆனது. கலவரக் காலங்களில், அதிலும் 1983 ஜூலையில், இந்த அடையாளங்கள் உயிருக்கே உலை வைத்தன. கொழும்பில் தமிழ்ப் பெண்கள் பொட்டை அழித்தார்கள். ஆண்கள் வேட்டியை விட்டுக் காற்சட்டைக்குள் புகுந்தார்கள். காலனிய எதிர்ப்பாளர்கள் அரை நூற்றாண்டாக இகழ்ந்த காற்சட்டை அன்று அடைக்கலமாயிற்று.

மேடை உடைக்கு இன்னொரு கிளையும் உண்டு. 1936இல் அம்பாந்தோட்டையிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்ற டி. எம். ராஜபக்ச, தம் பகுதி உழவர் விளைவித்த குரக்கனின் நிறத்தில் ஒரு சால்வை அணிந்தார். பின்னாளில் ஜனாதிபதியான மகிந்த ராஜபக்ச காலத்தில் அது குடும்பச் சின்னமாகவும், 2009க்குப் பின் போர் வெற்றியின் சின்னமாகவும் மாறியது. 2019 நவம்பரில் அநுராதபுரத்து ருவன்வெலிசாய தூபி முன்பு ஜனாதிபதியாகப் பதவியேற்ற அவர் தம்பி கோட்டாபயவோ அந்தச் சால்வையை அணியவில்லை. சட்டையும் காற்சட்டையுமாக வந்தார். அவரைச் சிங்களப் பௌத்தர் அல்லர் என்று எவரும் சொல்லவில்லை. ஆணுக்கு உள்ள வசதி இதுதான். தேசிய உடையை மேடைக்கு அணியலாம், வீட்டுக்குக் கழற்றலாம், வேண்டாமென்று விட்டும்விடலாம்.

பெண்களுக்கு அந்த வசதி கிட்டவில்லை. 1980களுக்குப் பின் முஸ்லிம் பெண்களிடையே அபாயா பரவியது. வளைகுடாவில் வேலை, மார்க்க இயக்கங்கள், போர்ச் சூழலில் இறுகிய சமூக எல்லைகள் எனக் காரணங்கள் பல. விரும்பி அணிந்தவர்களும் உண்டு, வற்புறுத்தலில் அணிந்தவர்களும் உண்டு. 2013 வாக்கில் பொது பல சேனா என்ற சிங்களப் பௌத்த அமைப்பு அதை எதிர்த்துப் பரப்புரை செய்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலுக்குப் பின், ஏப்ரல் 29 முதல் அவசரகால விதியின் கீழ் முகத்தை மூடுவது தடையானது. தடை முகத்திரைக்கே, ஆனால் தலையை மட்டும் மூடிய பெண்களும் கடைகளிலும் அலுவலகங்களிலும் தடுக்கப்பட்டார்கள். அவசரகால நிலை ஆகஸ்டில் முடிந்தது. 2021இல் நிரந்தரத் தடைக்கு அமைச்சரவை இசைந்தும் அது சட்டமாகவில்லை.

இதைச் சிங்களப் பேரினவாதம் என்று மட்டும் எழுதித் தமிழர் தப்பிக்க முடியாது. 2018 ஏப்ரலில் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரி முன்பு, முஸ்லிம் ஆசிரியைகள் அபாயாவை விட்டுச் சேலை உடுத்தி வர வேண்டும் என்று ஆர்ப்பாட்டம் நடந்தது. நடத்தியவர்கள் தமிழர். ஆசிரியைகள் வேறு பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். விவகாரம் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் நீதிமன்றத்துக்கும் போனது. தர்மபாலர் சிங்களப் பௌத்தத்துக்கென முன்வைத்த அதே சேலை, அங்கே இந்துப் பண்பாட்டின் காவலாக நின்றது. 1905இல் தொப்பிக்காகக் கூடிய சமூகம், நூறாண்டு கடந்தும் பெண்களின் உடைக்காக மீண்டும் நீதிமன்றப் படி ஏற நேர்ந்தது.

2022 நவம்பரில் பொருளாதார நெருக்கடியின் நடுவே, சேலை வாங்கவும் அதை உடுத்திப் பேருந்தில் ஏறவும் கட்டுப்படியாகவில்லை என்று ஆசிரியைகள் சிலர் வேறு உடையில் பாடசாலைக்கு வந்தார்கள். பண்பாடு போய்விடும் என்று எதிர்ப்பு எழுந்தது; கல்வி அமைச்சும் இறங்கி வரவில்லை. அந்த வாரங்களில் அதே பாடசாலைகளில் ஆண் ஆசிரியர்கள் வழக்கம்போலச் சட்டையும் காற்சட்டையுமாகவே பாடம் நடத்தினார்கள்.