பூங்காவுக்குப் பூட்டு!

இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஜார்ஜின் அரசி கரோலினுக்கு ஓர் ஆசை பிறந்தது. இலண்டன் அரண்மனையை அடுத்திருந்த செயின்ட் ஜேம்ஸ் பூங்காவிலே பொதுமக்கள் உலவுகிறார்கள். அவர்களை வெளியேற்றிவிட்டு, அதனை அரண்மனைக்கே உரிய எழிற்சோலையாக்கிட வேண்டும் என்பது அந்த ஆசை. தலைமை அமைச்சர் ராபர்ட் வால்போலிடம், என்ன செலவாகும் என்று கேட்டாள். மூன்றே மூன்று கிரவுன்கள்தாம் ஆகும் என்றாராம் அமைச்சர். ஐந்து ஷில்லிங் பெறும் வெள்ளி நாணயத்துக்கும் கிரவுன் என்று பெயர். மன்னன் தலையிலுள்ள மணிமுடிக்கும் அதுவே பெயர். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய மூன்று நாட்டு மணிமுடிகளும் உருண்டுவிடும் என்பது அமைச்சர் போட்ட கணக்கு. அமைச்சரின் மகன் ஹொரேஸ் வால்போல் எழுதிவைத்த செய்தி இது.

பூங்கா மூடப்படவில்லை. அரசிக்கு மக்கள்மீது அன்பு சுரந்ததாலா? இல்லை. மக்களிடம் அச்சம் இருந்தது, அதனால்!

அரசிகள் போயினர், அதிகாரிகள் வந்தனர். இவர்கள், "பூங்கா எனக்கு வேண்டும்" என்று கேட்பதில்லை. "நிதி இல்லை" என்கின்றனர். வரவு செலவுத் திட்டத்திலே ஒரு வரியை அடித்துவிட்டால் போதும். பூட்டு தானாகவே தொங்கும். மூட வருபவன் மாளிகைவாசி என்றால் மக்கள் சினந்தெழுவர். மூட வருவது கணக்கேடு என்றால், "என் செய்வது, பணமில்லையாமே" என்று பெருமூச்சு விட்டு வீடு திரும்புவர். அந்தப் பெருமூச்சிலேதான் ஆபத்து இருக்கிறது. எனவே, பொதுப் பூங்கா என்பது எப்படிப் பிறந்தது, யாரால் காக்கப்பட்டது, என்னென்ன பெயர் சொல்லி மூடப்பட்டது என்பதை நாம் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

தொடக்கத்தில் பூங்கா என்பது மன்னர்களின் வேட்டைக்காடு. இலண்டன் ஹைட் பூங்கா, எட்டாம் ஹென்றி 1536-இல் மடாலயத்தாரிடமிருந்து எடுத்துக்கொண்ட நிலம். மான் துள்ள இடம் இருந்தது. மனிதன் உலவ இடமில்லை. நூறாண்டு கழித்தே, 1637-இல், அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

பிறகு ஆலைகள் வந்தன. சிற்றூர்களின் மேய்ச்சல் நிலங்கள் வேலியிடப்பட்டுச் சீமான்களின் உடைமையாயின. நிலமிழந்தோர் நகருக்கு ஓடினர். அங்கே புகை, சாக்கடை, ஒரே அறையிலே ஒரு குடும்பம்! 1832-இல் காலரா பரவிற்று. அடுத்த ஆண்டு, 1833-இல், பொது உலாவிடங்களைப் பற்றி ஆராய நாடாளுமன்றக் குழுவொன்று அமைந்தது. நகர மக்கள்தொகை பெருகிய அந்த ஐம்பதாண்டுகளிலே திறந்தவெளிகள் அடைபட்டுப் போயின, உழைப்பவன் காற்று வாங்கிட இடம் ஒதுக்கப்படவில்லை என்று அந்தக் குழு எழுதிற்று.

அந்தக் குழுவினர் அத்தனை பேரும் ஏழைபங்காளர் என்று நாம் எண்ணிடத் தேவையில்லை. தொழிலாளி மதுக்கடைக்குப் போகாமல் மரநிழலுக்கு வந்தால், மறுநாள் ஆலைக்கு ஒழுங்காக வருவான் என்ற ஆசை ஒருபுறம். இடமில்லாது அலைந்தால் கலகம் செய்வான் என்ற அச்சம் மறுபுறம். கொடுத்தவர் நோக்கம் எதுவாயினும், பெற்றவர்க்கு அது உரிமையாயிற்று. வரலாற்றிலே பல உரிமைகள் இப்படி வந்தவைதாம்.

1840-இல் டார்பி நகரிலே ஜோசப் ஸ்ட்ரட் என்ற ஆலை முதலாளி மரப்பூங்கா ஒன்றை நகருக்கு வழங்கினார். நல்ல செயல், ஆனால் வாரத்தில் இரண்டே நாட்கள்தாம் இலவசம்! மற்ற நாட்களில் கட்டணம் கட்டவேண்டும். முற்றிலும் இலவசமாகிட 1882 வரை காத்திருக்க நேரிட்டது. வள்ளல் தரும் பூங்காவுக்கும் மக்களின் வரிப்பணத்தில் அமையும் பூங்காவுக்கும் உள்ள வேறுபாட்டை இந்த நாற்பதாண்டுக் காத்திருப்பு விளக்குகிறது.

இலண்டனின் கிழக்குப் பகுதி பாட்டாளிகளின் பகுதி. அங்கே ஒரு பூங்கா அமைந்தால் ஆண்டுதோறும் பல்லாயிரம் உயிர்கள் பிழைக்கும் என்று புள்ளிவிவர அறிஞர் வில்லியம் ஃபார் 1839-இல் எழுதினார். மறு ஆண்டு 30,000 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் விக்டோரியா அரசியிடம் சென்றது. பணம் எங்கே என்ற கேள்வி அன்றும் எழுந்தது. விடையும் கிடைத்தது. அரச குடும்பத்துக்காகக் கட்டப்பட்ட யார்க் மாளிகையின் குத்தகை 72,000 பவுனுக்கு விற்கப்பட்டது. அந்தத் தொகையிலே கிழக்கு இலண்டனுக்குப் பூங்கா வந்தது. 1845-இல் மக்கள் அதனுள்ளே நுழைந்தனர். மாளிகை போய் மரம் வந்தது! நிதி இல்லாமற் போவதில்லை, தோழர்களே. அது எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

லிவர்பூல் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள பர்க்கன்ஹெட் மற்றொரு வழி கண்டது. 1843-இல் பெற்ற சட்டத்தின் துணையால், பொதுப்பணத்தைக் கொண்டு 226 ஏக்கர் சதுப்பு நிலம் வாங்கப்பட்டது. 125 ஏக்கர் பூங்காவுக்கு, எஞ்சியது வீட்டுமனைகளுக்கு. பூங்கா வருவதால் மனையின் விலை உயரும். உயர்ந்த விலை பூங்காவின் செலவைத் தாங்கும் என்பது திட்டம். தோட்டக்காரராக வாழ்க்கையைத் தொடங்கிய ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்தார். 1847 ஏப்ரல் 5 அன்று வாயில் திறந்தது. 1850-இல் அங்கு வந்த அமெரிக்கர் ஃபிரெடரிக் ஓம்ஸ்டெட், ஏழையும் செல்வனும் ஒரே புல்வெளியில் உலவக் கண்டு வியந்தார். எட்டாண்டு கழித்து, நியூயார்க் நகரின் நடுப்பூங்காவுக்கான திட்டத்தைத் தோழர் கால்வெர்ட் வோக்ஸுடன் சேர்ந்து வகுத்தவர் அவரே.

அந்த நடுப்பூங்காவின் வரலாற்றிலே ஒரு கறையும் உண்டு. அது அமையவிருந்த நிலத்தில் செனகா சிற்றூர் இருந்தது. கறுப்பின மக்கள் சொந்தமாக நிலம் வாங்கி, வீடும் பள்ளியும் எழுப்பி வாழ்ந்த இடம். 1857-க்குள் அவர்கள் அகற்றப்பட்டனர். எல்லோர்க்குமான பூங்கா எனும்போது, அந்த 'எல்லோரில்' யார் விடுபட்டனர் என்று பார்ப்பதும் பகுத்தறிவின் வேலையே.

அதே வேட்கை கடல்கடந்து நம் சென்னைக்கும் வந்தது. 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், அயர்லாந்துப் பஞ்சத்தின்போது உதவிப் பணத்தைக் கறாராக அளந்த அதே அதிகாரி, பெரியமேட்டை ஒட்டி நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் 'மக்கள் பூங்கா' அமைத்தார். அதற்கு நேர்ந்தது என்ன? விக்டோரியா மண்டபத்துக்கு ஒரு துண்டு; 1900-இல் மூர் மார்க்கெட்டுக்கு ஒரு துண்டு; 1913-இல் ரிப்பன் மாளிகைக்கு ஒரு துண்டு; விளையாட்டரங்குக்கு ஒரு துண்டு. அந்தப் பூங்காவுக்கு யாரும் பூட்டுப் போடவில்லை, கூறுபோட்டார்கள். ஒவ்வொரு கூறுக்கும் நல்ல காரணமே சொல்லப்பட்டிருக்கும். முடிவில் பூங்கா பெயரளவில் நின்றது.

பூங்கா காற்று வாங்கும் இடம் மட்டுந்தானா? 1866 ஜூலை 23 அன்று, வாக்குரிமை கேட்ட இங்கிலாந்துத் தொழிலாளர்கள் ஹைட் பூங்காவில் கூட்டம் போடச் சென்றனர். அரசாங்கம் வாயில்களை அடைத்தது. மக்கள் வெள்ளத்தின் அழுத்தத்திலே இரும்பு வேலி சரிந்தது. அடுத்த ஆண்டு மே 6 அன்று, தடையாணையை மீறி மீண்டும் கூடினர்; அரசினரால் தடுக்க இயலவில்லை; உள்துறை அமைச்சர் பதவி விலகினார். அதே 1867-இல் நகரத் தொழிலாளர் பலருக்கு வாக்குரிமை வந்தது. 1872-இல் பூங்காவில் பேசும் வழக்கத்துக்குச் சட்டத்தின் இசைவு கிட்டிற்று. மாளிகையில் மண்டபம் உண்டு சீமானுக்கு. மைதானமே மண்டபம் ஏழைக்கு! 1949 செப்டம்பர் 18 அன்று, கொட்டும் மழையிலே, திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் சென்னை ராபின்சன் பூங்காவில் நடந்ததை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

இனிப் பூட்டின் கதைக்கு வருவோம்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்காமரி நகரிலே, வெள்ளையர் உலவும் பூங்காவுக்குள் கறுப்பர் நுழையக்கூடாது என்று சட்டம் இருந்தது. கறுப்பின மக்கள் வழக்காடினர். 'உள்ளே விடு' என்று நீதிமன்றம் சொல்லிவிடும் எனக் கண்ட நகராட்சி என்ன செய்தது தெரியுமா? 1959 சனவரி 1 முதல் நகரப் பூங்காக்கள் அனைத்தையும் மூடிற்று! விலங்குக் காட்சிசாலையின் விலங்குகளை விற்றது. நீச்சல் குளத்தை மண்கொட்டித் தூர்த்தது. அவன் வந்து உட்காருவதைவிட, நானும் உட்காராமலிருப்பதே மேல் என்ற மமதை! 1965-இல்தான் பூங்காக்கள் மீண்டும் திறந்தன.

மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரம் இன்னும் சாமர்த்தியமானது. நிறபேதம் கூடாது என்று தீர்ப்பு வந்தபின், 1963-இல் அது பொது நீச்சல் குளங்களை மூடியது. சொன்ன காரணம்: இருசாராரும் சேர்ந்து குளித்தால் அமைதியாகவும் நட்டமின்றியும் குளங்களை நடத்த இயலாது என்பது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1971-இல் ஐந்து நீதிபதிகள் நகராட்சியின் பக்கம், நால்வர் எதிர்ப்பக்கம். குளம் மூடியே கிடந்தது. வெறுப்பு நேராக வந்தால் நீதிமன்றம் விரட்டும். கணக்குப்பிள்ளை வேடம் பூண்டு வந்தால் நாற்காலி போடும்! தீட்டு என்று சொல்லிக் குளத்தை மறுத்தவர்களின் நாட்டிலே வாழும் நமக்கு, இந்த வேடம் புதிதன்று.

எல்லாக் கணக்கும் வேடம் என்று நாம் வாதாடவில்லை. வருவாய் குன்றும் காலம் உண்டு. ஆனால் கணக்கைக் காட்டு என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. கலிஃபோர்னியாவின் கதையைக் கேளுங்கள். அந்த மாநில அரசுக்கு அப்போது 278 பூங்காக்கள். 2 கோடியே 20 இலட்சம் டாலர் மிச்சப்படுத்தவேண்டும் என்று, அவற்றில் 70-ஐ 2012 ஜூலைக்குள் மூடுவதாக 2011 மே மாதம் பட்டியல் வெளியிட்டனர். மக்கள் பதறினர், குழுக்கள் அமைத்தனர், நன்கொடை திரட்டினர், பெரும்பாலான பூங்காக்களைக் காப்பாற்றினர். அதே ஜூலை மாதம் ஓர் உண்மை வெளிப்பட்டது. பூங்காத் துறையின் நிதிகள் இரண்டிலே ஏறத்தாழ 5 கோடியே 40 இலட்சம் டாலர், பல்லாண்டுகளாகக் கணக்கில் காட்டப்படாமல் கிடந்ததாம்! துறையின் இயக்குநர் பதவி விலகினார். அந்தப் பணம் முழுவதும் இந்தப் பூங்காக்களுக்கே செலவிடத்தக்கது அன்று. பெரும்பகுதி வேறொரு பணிக்குரிய நிதியில் இருந்தது. எனினும், 'இல்லை' என்ற சொல்லைச் சோதிக்காமல் நம்பியோர் ஏமாந்தனர் என்பது மறுக்கவொண்ணாத உண்மை.

பூங்காவின் தாயகமான பிரிட்டனிலே நடந்தது வேறுவகை. அங்கே நூலகம் நடத்துவது உள்ளாட்சி மன்றத்தின் சட்டக்கடமை; முதியோரைப் பேணுவது சட்டக்கடமை; பூங்காவைப் பேணுவதோ சட்டக்கடமை அன்று. பணம் குறைந்தால் கத்தி முதலில் எங்கே பாயும்? பூங்காவிலேதான்! 1988-ஆம் ஆண்டுச் சட்டம், பூங்காப் பணிகளை ஏலத்தில் விடச் செய்தது. குறைந்த விலை கேட்டவன் வந்தான். நெடுநாள் காவலர் போனார். 2010-க்குப் பிறகு சிக்கனம் என்ற பெயரால் உள்ளாட்சிகளுக்கான மானியம் வெட்டப்பட்டது. பாரம்பரிய லாட்டரி நிதியத்தின் 2014-ஆம் ஆண்டு அறிக்கை, பூங்கா மேலாளர்களில் 86 விழுக்காட்டினர் 2010 முதல் தம் நிதி குறைந்ததாகக் கூறியதையும், உள்ளாட்சிகளில் 45 விழுக்காடு பூங்காக்களை விற்கவோ பிறரிடம் ஒப்படைக்கவோ எண்ணியதையும் வெளியிட்டது. 2016-இல், தம் நிதி குறைந்ததாகக் கூறியோர் 92 விழுக்காட்டினர். நாடாளுமன்றக் குழு 2017-இல் ஆராய்ந்தது; ஆபத்து உண்டு என்றது; ஆனால் சட்டக்கடமையாக்கு என்று பரிந்துரைக்கவில்லை.

இப்படி வரும் பூட்டு ஒரே நாளில் தொங்குவதில்லை. முதலில் தோட்டக்காரர் போவார். பிறகு கழிப்பறை மூடப்படும். முதியவரும் கருவுற்ற பெண்ணும் வருவதை நிறுத்துவர். விளக்கு அணையும்; மாலையில் பெண்கள் வரமாட்டார்கள். ஊஞ்சல் அறுந்து தொங்கும், குழந்தைகள் வரமாட்டார்கள். முடிவில் அதிகாரி வருவார், "யாருமே வராத இடத்துக்கு ஏன் செலவு?" என்பார். பட்டினி போட்டுக் கொன்றுவிட்டு, உணவு உண்ணாததால் இறந்தான் என்று சான்றிதழ் எழுதும் முறை இது!

"அரசு கைவிட்டால் என்ன, செல்வர்கள் கைகொடுக்க மாட்டார்களா?" என்பர் சிலர். கொடுப்பார்கள், எங்கே என்று பாருங்கள். 1975-இல் நியூயார்க் நகராட்சி கடனில் மூழ்கியபோது பூங்காக்கள் பாழாயின. 1980-இல் நடுப்பூங்காவுக்கென ஒரு காப்புக்கழகம் தோன்றிற்று. அந்தப் பூங்கா புத்துயிர் பெற்றது. அது பாராட்டத்தக்கதே. 2012-இல் ஒரே செல்வர் அதற்கு 10 கோடி டாலர் அளித்தார். அந்தப் பூங்காவைச் சுற்றி வாழ்வோர் கோடீசுவரர்கள். ஏழைகள் வாழும் பிராங்க்ஸ் பகுதிப் பூங்காவுக்கு அத்தகைய அண்டை வீட்டார் இல்லை. நன்கொடை, கொடுப்பவரின் சன்னலிலிருந்து தெரியும் மரத்துக்கே முதலில் நீர் வார்க்கும். வரிப்பணம் ஒன்றுதான் தெரியாத மரத்துக்கும் வார்க்கும்.

செல்வனுக்கு வீட்டுக்குள்ளே தோட்டம் உண்டு. மலைவாசத் தலத்திலே மாளிகை உண்டு. பொதுப் பூங்கா மூடப்பட்டால் அவன் இழப்பது ஒன்றுமில்லை. ஓரறை வீட்டிலே படிக்க இடமின்றி மரத்தடிக்கு வரும் மாணவன் இழக்கிறான். சாதி கேட்காத ஒரே பெஞ்சில் அமர்ந்த இருவர் அந்த பெஞ்சை இழக்கின்றனர். அதனால்தான் இதனைப் பொழுதுபோக்குச் சிக்கல் என்று நாம் ஒதுக்கவில்லை. சமத்துவச் சிக்கல் என்கிறோம்.

வகுப்பறையில் வரலாறு கற்பிக்கும் நாம், அதிலிருந்து எடுத்துத் தரக்கூடியவை மூன்று கேள்விகள். நிதி இல்லை என்றால், கணக்கேடு எங்கே? மூடுவது என்றால், யாருடைய தெருவிலுள்ள பூங்கா முதலில்? பேணுவது சட்டக்கடமை இல்லை என்றால், அதைக் கடமையாக்கிடத் தடுப்பது யார்? எந்த ஊரில் பூங்காவுக்குப் பூட்டு வருகிறதோ, அந்த ஊர் இளைஞர்கள் வாயிலில் நின்று இந்த மூன்றையும் கேட்கவேண்டும். விடை வரும்வரை பூட்டு தொங்கக்கூடாது.