நம் ஊர்ப் பாடசாலையை அளந்த கோல்கள்

நம் சங்கத்து அன்பர் ஒருவர், தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர்ப் பக்கத்தில் குடியிருப்பவர், சென்ற மாதம் நம்மிடம் ஒரு கேள்வியோடு வந்தார். அவருடைய பேத்தியை வரும் ஜூன் மாதத்தில் முதல் வகுப்பில் சேர்க்க வேண்டும். வீட்டிலிருந்து 500 அடி தூரத்தில் அரசாங்கத்து ஆரம்பப் பாடசாலை ஒன்று இருக்கிறது. அவரும் அவர் தமையனாரும் படித்த இடம் அது. ஆயினும் மகனும் மருமகளும் குழந்தையை அங்கே அனுப்ப இசையவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் நன்றாயில்லை என்கிறார்கள். "எதைக் கொண்டு அப்படிச் சொல்லுகிறீர்கள் என்று கேட்டால், ஒருவரும் அதன் வாசற்படியை மிதித்ததில்லை என்பது தெரிகிறது. நீங்கள் பழைய சங்கதிகளைத் தேடிப் படிக்கிறவர்கள். ஒரு பள்ளிக்கூடம் நல்லதா அல்லவா என்று முன்னிருந்தவர்கள் எப்படித்தான் கண்டார்கள்?" என்றார்.

இதற்கு ஒரு வரியில் விடை சொல்ல நமக்கு இயலவில்லை. இந்தச் செங்கற்பட்டுச் சீமையில் 200 வருஷங்களாகப் பாடசாலைகளை யாராவது ஒருவர் அளந்துகொண்டே வந்திருக்கிறார். கோல் மாறியபோதெல்லாம் பாடசாலையும் அந்தக் கோலுக்குத் தக்கபடி வளைந்துகொடுத்தது. ஆகவே அந்தக் கதையையே நம் அன்பர்கள் யாவரும் அறியும்படி இங்கே எழுதலானோம்.

முதலில் திண்ணைப் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு இன்ஸ்பெக்டரும் இல்லை, பரீக்ஷையும் இல்லை. மணலில் எழுதிப் பழகி, ஓலைக்கு வந்து, ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எண்சுவடியும் மனனம் செய்த பிள்ளையைத் தகப்பனாரே சோதித்தார். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று என்ற வாய்பாடுகள் ஊராரின் தொழிலோடு பிணைந்தவை. களத்தில் நெல்லளக்கும்போதும் நிலத்தில் குழி கணக்கிடும்போதும் பையனைக் கூப்பிட்டு, "எவ்வளவு ஆகிறது, சொல்லடா" என்றால் உபாத்தியாயரின் திறமை அந்த இடத்திலேயே வெளியாகிவிடும். உபாத்தியாயருக்குப் படியளந்தவர்களும் அப்பெற்றோர்களே. ஆதலால் பணம் கொடுப்பவரும் பயனைக் காண்பவரும் ஒருவராகவே இருந்தனர். இஃது அம்முறையின் பெருமை. அதன் சிறுமையோ, அந்தத் திண்ணையில் ஏறக்கூடியவர் யார், ஏறக்கூடாதவர் யார் என்பதில் இருந்தது. அதனைப் பின்னர்ச் சொல்லுவோம்.

1822ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் சென்னைக் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிக்கூடங்கள் உள்ளன, எந்த வகுப்பார் எத்தனை பேர் அவற்றில் படிக்கிறார்கள் என்று கணக்கெடுத்து அனுப்பும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். ராஜதானி முழுவதிலும் 12,498 பள்ளிக்கூடங்கள் இருந்ததாகக் கண்டது. தாம்பரம் அடங்கிய செங்கற்பட்டு ஜில்லாவில் மட்டும் ஜனத்தொகை 3,63,129, பள்ளிக்கூடங்கள் 508. அதாவது ஏறக்குறைய 715 பேருக்கு ஒன்று. இந்தத் தொகையைப் பார்த்து நம் நாட்டின் பழம்பெருமையைக் கொண்டாடுவோர் பலர். கொண்டாடலாம், தவறில்லை. ஆனால் மன்றோ தொகையோடு நின்றுவிடவில்லை. 1826ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அவர் எழுதிய குறிப்பில், உபாத்தியாயர்களுக்குப் பொதுவாக மாதம் 6 அல்லது 7 ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை, தகுதியுள்ளவர்கள் இத்தொழிலுக்கு வர இது போதாது என்று காரணத்தையும் கண்டு சொன்னார். தாலூகாவுக்கு ஒரு பாடசாலை வைத்து உபாத்தியாயருக்கு மாதம் 9 ரூபாய் கொடுக்கலாமென்று அவர் திட்டமிட்டார். அடுத்த வருஷமே அவர் காலமானார். அத்திட்டம் சரியாக வேரூன்றாமலே 1836ஆம் வருஷத்தில் கைவிடப்பட்டது.

அடுத்து வந்த கோல்தான் மிகவும் வேடிக்கையானது. அதன் நிழல் இன்றும் நம் வீடுகளில் விழுவதால் இவ்விடத்தில் சற்று நின்று பார்ப்போம்.

இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்ற மந்திரி 1862ஆம் வருஷத்தில் ஒரு புதிய விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பாடசாலைக்குக் கொடுக்கும் சர்க்கார்ப் பணத்தைப் பிள்ளைகளின் தேர்ச்சிக்குத் தக்கபடி அளந்து கொடுப்பது என்பதே அது. இம்முறையால் செலவு அதிகமானால் பயனும் இருக்கும், பயன் இல்லாவிட்டால் செலவாவது குறையும் என்று அவர் பார்லிமெண்டில் சமாதானம் சொன்னார். கவியும் பாடசாலை இன்ஸ்பெக்டருமாயிருந்த மாத்யூ ஆர்னால்டு, இதனால் படிப்பு யந்திரம்போல ஆகிவிடுமென்று வருஷந்தோறும் எழுதிக்கொண்டே இருந்தார். கேட்பாரில்லை. 1860களிலேயே இந்த முறை சென்னை ராஜதானிக்கும் கப்பலேறி வந்து சேர்ந்தது. திண்ணை உபாத்தியாயர்களும் இதில் சேர்ந்து பணம் பெறலாம் என்று ஏற்பட்டது.

அது நடந்த விதத்தைப் பாருங்கள். குறித்த நாளில் சர்க்காரின் பரிசோதகர் வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று தனித்தனியே சோதிப்பார். தேறினால் இன்ன தொகை, தேறாவிட்டால் ஒன்றுமில்லை. உபாத்தியாயர் குடும்பி. அவர் வீட்டு அடுப்பு எரிவது அந்த ஒரு நாளைப் பொறுத்தது. அவர் என்ன செய்வார்? தேறும் நிலையில் உள்ளவனை இராப்பகலாக உருட்டுவார். எப்படியும் தேறாதவனை மூலையில் உட்கார விடுவார். வாசகப் புத்தகம் முழுவதையும் நெட்டுருப் போடச் செய்வார். பார்த்து வாசிப்பதற்கும் பாராமல் ஒப்பிப்பதற்கும் அவசரமாக வந்துபோகும் பரிசோதகர் வேற்றுமை காண்பது அருமை. உபாத்தியாயரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. கோலைப் பிடித்தவர்கள் எதைக் கேட்டார்களோ அதையே அவர் கொடுத்தார். கடைசியில் 1904ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கர்ஸன் பிரபுவின் அரசாங்கம் வெளியிட்ட கல்வித் தீர்மானத்தில் இம்முறை தவறானது, கைவிடத்தக்கது என்று கண்டிருந்தது. சட்டத்தில் அது மாண்டது. ஆயினும், "அந்தப் பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு நூறு பாஸ்" என்ற ஒரே வார்த்தையைக் கேட்டு வரிசையில் நிற்கிறோமே, அது லோ துரையின் கோல் அன்றோ?

நிற்க. இதே காலத்தில் அடையாற்றங்கரைக்குத் தெற்கே ஒரு காரியம் நடந்தது. பிரம்மஞான சங்கத்தின் தலைவராயிருந்த கர்னல் ஆல்காட்டு 1894ஆம் வருஷத்தில் ஊரூரில், வேறு எந்தத் திண்ணையிலும் ஏற விடப்படாத சிறார்களுக்காகப் பஞ்சமர் இலவசப் பாடசாலை என்ற பெயரால் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார். பின்னர் அது சென்னையின் வேறு சில பாகங்களுக்கும் பரவிற்று. இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று அக்காலத்தில் பெரிய மனிதர்களே கூசாமல் பேசினார்கள். ஆல்காட்டு அவர்களுக்கு விடையாக எடுத்துக்காட்டியது சர்க்கார்ப் பரீக்ஷையின் தேர்ச்சிக் கணக்கையே. மற்றவர்கள் கையில் பிள்ளைகளை உருட்டும் தடியாயிருந்த கோல் ஊரூரில் மட்டும் அவர்கள் பக்கத்துச் சாட்சியாக நின்றது. அந்தப் பள்ளிக்கூடம் பெசன்ட் நகரில் ஆல்காட்டு நினைவுப் பள்ளியாக இன்றும் நடந்து வருகிறது.

இனி, மேலே சொல்லாமல் விட்ட சங்கதியைச் சொல்லவேண்டும். இதழின் பெயருக்கு இது பொருந்துமோ என்று சிலர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும். 1920ஆம் வருஷத்தில் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம் நிறைவேறியது. பொதுப் பணத்தால் நடக்கும் பாடசாலைகளில் ஆதிதிராவிடச் சிறார்களையும் சேர்க்கவேண்டும் என்று உத்தரவுகள் பிறந்தன. அப்போது 1920களிலும் 1930களிலும் பல ஊர்களில் மற்ற வகுப்பார் என்ன செய்தார்கள்? அச்சிறார்கள் உள்ளே வந்தவுடன் தம் பிள்ளைகளை வெளியே அழைத்துக்கொண்டார்கள். அதற்கு அஞ்சியே பல இடங்களில் தொழிலாளர் இலாகாவின் மூலம் தனிப் பாடசாலைகள் வைக்க நேர்ந்தது. அப்போதும், "பள்ளிக்கூடம் கெட்டுப்போயிற்று" என்ற வார்த்தைதான் சொல்லப்பட்டது. உபாத்தியாயர் அவரே, புத்தகம் அதுவே, கூரையும் அதுவே. கெட்டது எது? பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை யார் என்பதே அங்கே கோலாயிருந்தது. நம் வகுப்பாரும் இக்கோலைக் கையிலெடுத்தவர்களே என்பதை மறைத்து நாம் சரித்திரம் எழுத முடியாது.

1929ஆம் வருஷத்தில் ஸர் பிலிப் ஹார்ட்டாக் தலைமையில் கூடிய கமிட்டியின் அறிக்கை வெளிவந்தது. அதில் முதன்முறையாக வேறொரு கேள்வி கேட்கப்பட்டது. எத்தனை பேர் தேறினார்கள் என்பதன்று. உள்ளே வந்தவர்களில் எத்தனை பேர் கடைசிவரை இருந்தார்கள் என்பது. 1922-23இல் முதல் வகுப்பில் இருந்த 100 பேருக்கு, மூன்று வருஷம் கழித்து நான்காம் வகுப்பில் 18 பேரே இருந்தார்கள் என்று பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் கணக்குக் காட்டினார்கள். நம் அபிப்பிராயத்தில், 200 வருஷத்தில் கேட்கப்பட்ட கேள்விகளுள் இதுவே மிகச் சிறந்தது. ஆனால் அவர்கள் சொன்ன மருந்து வேறு விதமாயிருந்தது. பாடசாலைகளைப் பெருக்காதீர்கள், இருப்பவற்றைச் சீராக்குங்கள் என்றார்கள். அதன் பலனாக நலிந்த பாடசாலை ஒன்றை மூடுவதே சீர்திருத்தம் என்ற எண்ணம் அதிகாரிகளிடையே பரவிற்று. 82 பேர் எங்கே போனார்கள்? ஆடு மேய்க்கவும், களை பறிக்கவும், தம்பி தங்கையைத் தூக்கி வைத்துக்கொள்ளவும், பசித்த வயிற்றோடு படுத்திருக்கவும் போனார்கள். பசியின் சங்கதி சென்னை நகரசபைக்கு 1920ஆம் வருஷத்திலேயே தெரிந்திருந்தது. அப்போது பிட்டி தியாகராய செட்டியார் தலைமையில் ஆயிரம் விளக்குப் பாடசாலையில் பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி கொடுக்கத் தொடங்கினார்கள். 1956இல் காமராஜர் அதை ராஜ்யம் முழுவதற்கும் கொண்டுவந்ததையும், 1982இல் எம்.ஜி.ஆர். விரித்ததையும், 2022இல் காலை உணவு சேர்ந்ததையும் நாம் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

காமராஜர் காலத்து மற்றொரு காரியம் இப்போது மறந்துபோயிற்று. கல்வித் துறையின் இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு 1958ஆம் வருஷத்தில், அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாட்டைத் தொடங்கிவைத்தார். நம் பள்ளிக்கூடத்துக்கு என்ன குறை என்று ஊராரே உள்ளே சென்று பார்த்து, பெஞ்சோ கூரையோ கிணறோ தம்மால் ஆனதைக் கொடுப்பதே அதன் சாரம். குறை கண்டவரே அதைத் தீர்க்கவும் கடமைப்பட்டவர் என்று ஏற்பட்டதால் வெளியில் நின்று பழி சொல்லுவது குறைந்தது.

இப்போதைய சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 2009ஆம் வருஷத்துக் கல்வியுரிமைச் சட்டம் ஆரம்ப வகுப்புகளுக்கு வருஷத்தில் 200 நாள், 800 மணி நேரம் பாடம் நடக்கவேண்டும் என்கிறது. 60 பிள்ளைகள் வரையில் இரண்டு ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராயிருக்க வேண்டும் என்கிறது. 2022இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்குத் தக்கபடி பிரித்துப் பாடம் சொல்லுகிறார்கள். மூலையில் உட்கார வைக்கப்பட்ட பழைய பையனுக்கு இப்போதுதான் ஒரு பெயர் கிடைத்தது.

இவ்வளவும் கேட்டபின் அன்பர், "சரி, வாருங்கள், உள்ளே போய்ப் பார்த்துவிடுவோம்" என்றார். தலைமை ஆசிரியையிடம் அனுமதி பெற்று ஒரு திங்கட்கிழமை காலையில் இருவரும் சென்றோம். பிள்ளைகள் 47 பேர், ஆசிரியைகள் இருவர். சட்டப்படி குறையில்லை. ஆனால் வகுப்புகள் ஐந்தாயிற்றே! ஒருவர் இரண்டு வகுப்பையும் மற்றவர் மூன்று வகுப்பையும் ஒரே நேரத்தில் கட்டி மேய்க்கிறார்கள். ஒருவர் விடுப்பில் போனால் என்னாகும் என்று கேட்டோம். தலைமை ஆசிரியை சிரித்தாரேயன்றி விடை சொல்லவில்லை. பத்து வருஷங்களுக்கு முன் பிள்ளைகள் 100க்கு மேல் இருந்தார்களாம். பிள்ளைகள் குறைந்ததால் ஆசிரியர் குறைந்தார். ஆசிரியர் குறைந்ததால் பிள்ளைகள் இன்னும் குறைந்தார்கள். 2019ஆம் வருஷத்தில் ஒரு பிள்ளையும் இல்லாத 40க்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகள் நூலகங்களாக்கப்பட்ட செய்தி நமக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

நாம் சோதனை ஒன்றும் செய்யவில்லை. மூன்றாம் வகுப்பின் கடைசி வரிசையிலிருந்த ஒரு சிறுமியை மட்டும், அன்றைய பாடமல்லாத ஒரு பக்கத்தை எடுத்து வாசிக்கும்படி அன்பர் கேட்டுக்கொண்டார். கட்டட வேலைக்காக வடநாட்டிலிருந்து வந்த குடும்பத்துக் குழந்தை அது. வீட்டில் தமிழ் இல்லை. தடுக்கித் தடுக்கி வாசித்தாள். றகரம் ரகரமாயிற்று. ஆனால் எழுத்தைப் பார்த்தே வாசித்தாள், நெட்டுரு அன்று.

புறப்படும்போது தலைமை ஆசிரியை, "ஐயா, நீங்கள் இங்கே படித்தவர்களாமே" என்று சொல்லிப் பீரோவிலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வைத்தார். 1961ஆம் வருஷத்துப் பக்கத்தில் அன்பரின் பெயர் இருந்தது. அவரோ தம் பெயரை விட்டு, கூடப் படித்தவர்களின் பெயர்களுக்கு நேரே, பள்ளியை விட்டு நீங்கிய காரணம் என்ற கட்டத்தையே விரலால் தடவிக்கொண்டு வந்தார். மூன்றாம் வகுப்போடு நின்றவர், நான்காம் வகுப்போடு நின்றவர் என்று அந்த ஒரு பக்கத்திலேயே பலர். "இவன் எங்களோடு உட்காரவே மாட்டான், தனியாகத்தான் உட்காருவான். நாங்கள் அவனை அப்படி உட்கார வைத்தோம்" என்று ஒரு பெயரைக் காட்டி மெதுவாகச் சொன்னார்.

வீட்டில் இன்னும் முடிவு ஏற்படவில்லை. இங்கிலீஷ் விஷயத்தில் மருமகளுக்கு உள்ள கவலை நியாயமானதே என்று அன்பரும் ஒப்புக்கொள்ளுகிறார். வரும் திங்கட்கிழமை அந்த அம்மாளும் பள்ளிக்கூடத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.