சைலன்சரை மாற்றினால் 'பிக்கப்' கூடுமா? பைக்கில் கை வைக்கும் முன் இதைப் படிங்க!

மண்டகப்பட்டு:-

விழுப்புரத்தில் இருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ளது மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து கட்டிய கோவில் இருக்கும் ஊர். 1,400 ஆண்டுகள் ஆகியும் அந்தப் பாறை அசையவில்லை. ஆனால் அதே சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிள்களின் என்ஜின் சில ஆண்டுகளிலேயே 'புகை தள்ளுது' என்று மெக்கானிக் கடைக்கு வந்து விடுகிறது.

காரணம் இரண்டு. ஒன்று, தூசி. இன்னொன்று, 'சைலன்சரை மாத்துனா வண்டி சும்மா பறக்கும்' என்ற பேச்சு.

செஞ்சிக்கோட்டை 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் யுனெஸ்கோ உலக பாரம்பரிய சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தது. கோட்டை, மண்டகப்பட்டு, தளவானூர் குகைக்கோவில் என்று ஒரே நாளில் பைக்கில் சுற்றி வர ஆசைப்படும் வாலிபர்கள் பலர். அதில் சிலருக்கு புறப்படும் முன்பே ஏர் பில்டரையும், சைலன்சரையும் மாற்றி விட வேண்டும் என்ற ஆசை. மாற்றலாமா? எதை மாற்றலாம்? எதைத் தொடவே கூடாது? இதோ முழு விவரம்.

ஒரு லிட்டருக்கு 9 ஆயிரம் லிட்டர்!

பெட்ரோல் தனியாக எரியாது. 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். கணக்கு போட்டுப் பார்த்தால், 1 லிட்டர் பெட்ரோலுக்கு சுமார் 9 ஆயிரம் லிட்டர் காற்றை என்ஜின் உறிஞ்சுகிறது. லிட்டருக்கு 60 கி.மீ. ஓடும் வண்டி, விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் ஒரு தடவை போய் வருவதற்குள் இவ்வளவு காற்றையும் இழுத்து விடும்.

அவ்வளவு காற்றும் நுழையும் ஒரே வாசல் ஏர் பில்டர். கல் ஏற்றிய டிப்பர் லாரிக்குப் பின்னால் போகும்போதும், அறுவடை நேரத்தில் ரோட்டில் நெல் காயப்போட்ட இடத்தைத் தாண்டும்போதும் வண்டி ஓட்டுபவர் முகத்தில் கைக்குட்டை கட்டிக் கொள்கிறார். வண்டிக்கு அந்தக் கைக்குட்டைதான் பில்டர்.

அது கிழிந்தாலோ, சரியாக உட்காராமல் இருந்தாலோ, பொடித்தூசி நேராக சிலிண்டருக்குள் போகும். அங்கே ஆயிலுடன் கலந்து உப்புத்தாள் போல தேய்க்கும். பிஸ்டன் ரிங் தேயும். ஆயில் குறையும். புகை வரும். கடைசியில் 'ரீபோர்' செலவு. சில நூறு ரூபாய் பில்டரை மாற்றாமல் விட்டதற்கு பல ஆயிரம் தண்டம்!

பில்டர் எத்தனை வகை?

காகித பில்டர்: இன்று பெரும்பாலான வண்டிகளில் கம்பெனியே போட்டுக் கொடுப்பது. மடிப்பு மடிப்பாக இருக்கும். பொடித்தூசியைப் பிடிப்பதில் கெட்டி. இதிலேயே எண்ணெய் பூசிய ரகம் ஒன்று உண்டு. அதை ஊதவும் கூடாது, கழுவவும் கூடாது. அழுக்கானால் புதுசு மாற்ற வேண்டியதுதான். எண்ணெய் பூசாத காகிதம் என்றால் காற்று அடித்து சுத்தம் செய்யலாம். ஆனால் உள்பக்கம் இருந்து வெளிப்பக்கமாக, மெதுவாக அடிக்க வேண்டும். பஞ்சர் கடையில் முழு வேகத்தில் வெளியே இருந்து ஊதினால் தூசி காகிதத்துக்குள் இன்னும் ஆழமாகப் புதையும். காகிதம் கிழியவும் செய்யும்.

பஞ்சு (போம்) பில்டர்: பழைய வண்டிகள் பலவற்றில் இருப்பது. சோப்பு தண்ணீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காய வைத்து, லேசாக ஆயில் தடவி மாட்ட வேண்டும். ஆயில் தடவாத பஞ்சு தூசியைப் பிடிக்காது. பெட்ரோலில் கழுவுவது பலர் செய்யும் தப்பு. பஞ்சு சீக்கிரம் பொடிந்து போகும், தீ ஆபத்தும் உண்டு.

பருத்தி வலை பில்டர்: வெளிநாட்டு கம்பெனிகள் பெயரில் விற்கும் சிவப்பு நிற பில்டர்கள் பெரும்பாலும் இந்த ரகம். கழுவிக் கழுவி பல ஆண்டு ஓட்டலாம். காற்று தாராளமாக வரும். ஆனால் காற்று தாராளமாக வரும் இடத்தில் பொடித்தூசி நுழையும் வாய்ப்பும் கூடுதல். நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு ஒத்து வரும். தினமும் மண் ரோட்டில் வயலுக்கும், குவாரிக்கும் போகும் வண்டிக்கு காகிதமே நல்லது. இதில் பெயர் போன கம்பெனிகளின் போலிகளும் சந்தையில் நடமாடுகின்றன.

கூம்பு பில்டர்: ஏர் பில்டர் டப்பாவையே கழற்றி எறிந்து விட்டு கார்புரேட்டர் வாயில் நேராக மாட்டுவது. பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் என்ஜின் சூட்டுக் காற்றை இழுக்கும். மழையில் தண்ணீரையும் இழுக்கும். ரோட்டு வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

எந்த பில்டரானாலும் ஓரத்தில் உள்ள ரப்பர் நாலு பக்கமும் பதிந்து உட்கார வேண்டும். டப்பாவுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதில் ஓட்டை இருந்தால் எத்தனை ரூபாய் பில்டர் போட்டும் பிரயோஜனம் இல்லை.

எப்போது மாற்றுவது? வண்டியோடு வந்த புத்தகத்தில் கிலோ மீட்டர் கணக்கு இருக்கும். அது சாதாரண ரோட்டுக்கான கணக்கு. தூசி ரோட்டில் ஓடும் வண்டிக்கு அதற்கு முன்பே திறந்து பார்க்க வேண்டும் என்று அந்தப் புத்தகங்களிலேயே எழுதி இருக்கிறது.

சைலன்சருக்குள் என்ன இருக்கு?

சைலன்சர் வெறும் இரும்புக்குழாய் அல்ல. உள்ளே தடுப்புகள், அறைகள், ஓட்டை போட்ட குழாய்கள் இருக்கும். வெடித்து வரும் புகை அதில் சுற்றி அடங்கி வெளியே வரும்போது சத்தம் குறைகிறது. 2020 ஏப்ரல் 1-ந்தேதிக்குப் பிறகு வந்த பி.எஸ்-6 வண்டிகளில் விஷப்புகையைக் குறைக்கும் 'கேட்டலிடிக் கன்வெர்ட்டர்', எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று பார்க்கும் சென்சார் இரண்டும் புகைப்பாதையிலேயே உள்ளன.

'ப்ரீ புளோ' என்ற பெயரில் விற்கும் சைலன்சர்களில் இந்தத் தடுப்புகள் குறைவு. சிலவற்றில் ஒன்றுமே இல்லை. சத்தம் கூடுவதால் வேகமும் கூடியது போல காதுக்குத் தோன்றும். உண்மையில் 100, 125 சி.சி. வண்டிகளில் சைலன்சரை மட்டும் மாற்றினால் சொல்லிக் கொள்ளும்படி பிக்கப் கூடாது. பல வண்டிகளில் கீழ் கியர் இழுவை குறையவும் செய்கிறது.

என்ஜின் ஏன் சூடாகிறது?

காற்று கூடுதலாக வந்து, புகையும் சுலபமாக வெளியே போனால், அதற்கு ஏற்ப பெட்ரோலும் கூட வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் குறைந்த கலவை எரிந்து என்ஜின் கொதிக்கும். ஆக்சிலேட்டரை விட்டதும் 'பட் பட்' என்று வெடிக்கும். நீண்ட நாள் இப்படியே ஓட்டினால் வால்வு, பிஸ்டன் வரை பாதிக்கும்.

கார்புரேட்டர் வண்டியில் இதைச் சரி செய்ய பெரிய ஜெட் போட்டு டியூனிங் செய்ய வேண்டும். மைலேஜ் குறையும். பெரும்பாலான பி.எஸ்-6 வண்டிகளில் கார்புரேட்டர் கிடையாது. கம்ப்யூட்டரே பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிறது. சின்ன மாற்றத்தை அது சமாளிக்கும். பெரிய மாற்றம் செய்தால் மீட்டரில் மஞ்சள் என்ஜின் விளக்கு எரியும். அதைச் சரி செய்ய தனிக்கருவி வாங்க வேண்டும். செலவு சைலன்சர் விலையையே தாண்டும். கம்பெனி வாரண்டி கிடைப்பதும் சிக்கல்தான்.

கலவை சரியா என்று பார்க்க சுலபமான வழி ஒன்று உண்டு. வண்டியை கொஞ்ச தூரம் ஓட்டி, ஆறிய பிறகு ஸ்பார்க் பிளக்கை கழற்றிப் பார்க்கலாம். முனை காபி பொடி நிறத்தில் இருந்தால் சரி. வெள்ளை வெளேர் என்று இருந்தால் பெட்ரோல் குறைவு, சூடு அதிகம். கரி பிடித்து இருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது பில்டர் அடைப்பு.

ஆர்.எக்ஸ். 100, புல்லட் ரகசியம்

1985 முதல் 1996 வரை விற்பனையான யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டிக்கு இன்றும் கிராக்கி. அதன் சைலன்சருக்குள் இருக்கும் குழாயை உருவி விட்டு 'இப்பதான் சவுண்டு சூப்பர்' என்பவர்கள் உண்டு. ஆனால் இது 2 ஸ்ட்ரோக் என்ஜின். இதில் பெட்ரோல் கலவையின் ஒரு பகுதி எரியாமலே வெளியே ஓடப் பார்க்கும். சைலன்சர் பாதையின் வடிவத்தால் திரும்பி வரும் அழுத்த அலைதான் அதை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அந்த அமைப்பைக் கெடுத்தால் சத்தம் கூடும், இழுவை குறையும், பெட்ரோல் வீணாகும்.

புல்லட் கதை வேறு. 1955-ல் சென்னையில் தொடங்கிய என்பீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் தயாரித்த வண்டி இது. பழைய 346 சி.சி. புல்லட்டில் பிஸ்டன் 90 மி.மீ. ஏறி இறங்கும். ஒரே சிலிண்டர், கனமான சக்கரம், மெதுவான சுற்று. அந்த 'டப் டப்' சத்தம் என்ஜினில் இருந்து பிறக்கிறது. சைலன்சரை மாற்றினால் அந்த நயம் போய், வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

10 ஆயிரம் அபராதம்!

சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொரு வண்டியிலும் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் கட்டாயம் என்கிறது 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120-வது விதி. 2003 முதல் வந்த அளவுப்படி, புது பைக் கம்பெனியில் இருந்து வெளியே வரும்போதே 80 முதல் 175 சி.சி. வரை 77 டெசிபல், அதற்கு மேல் 80 டெசிபல் தாண்டக் கூடாது. 10 டெசிபல் கூடினாலே காதுக்கு சத்தம் இரண்டு மடங்காகத் தெரியும். குடியிருப்புப் பகுதியில் இரவு நேர சத்த அளவு 45 டெசிபல் என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப்பகுதியாக அறிவிக்கலாம்.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டத்தின் 190(2) பிரிவில், சத்தம் மற்றும் புகை விதியை மீறினால் முதல் தடவை 3 மாதம் வரை ஜெயில் அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்சும் 3 மாதம் போகும். அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றி அமைத்த உரிமையாளருக்கு 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பெங்களூரு, விசாகப்பட்டினம் போன்ற நகரங்களில் பறிமுதல் செய்த சைலன்சர்களை போலீசார் ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள்.

வாங்கும் முன் கவனிக்க...

* முதலில் இருக்கும் பில்டரை மாற்றி, பிளக், செயின், டயர் காற்று ஆகியவற்றைச் சரி செய்து ஓட்டிப் பாருங்கள். 'பிக்கப் இல்லை' என்ற குறை பலருக்கு இதிலேயே தீர்ந்து விடும்.

* பில்டர் வாங்கும்போது வண்டி மாடலும், ஆண்டும் சொல்லி ஒரிஜினலாக, பில்லோடு வாங்குங்கள்.

* சைலன்சர் ஓட்டை விழுந்து மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அதே மாடலுக்கு உரியதை வாங்குங்கள். வேறு தோற்றம் வேண்டும் என்றால் வண்டிக் கம்பெனியே அனுமதி பெற்று விற்கும் சைலன்சர் இருக்கிறதா என்று ஷோரூமில் கேளுங்கள்.

* 'ரோட்டில் ஓட்ட அல்ல, ரேசுக்கு மட்டும்' என்று அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருந்தால் வாங்க வேண்டாம். கடைக்காரர் தப்பித்து விடுவார். மாட்டிக் கொள்வது வண்டி ஓட்டுபவர்தான்.

* பழைய சைலன்சரை கடையில் விட்டு விட்டு வரக்கூடாது. வண்டியை விற்கும்போதும், போலீசார் மாற்றச் சொல்லும்போதும் அது தேவைப்படும்.

* இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றம் செய்தால், விபத்து நேரத்தில் பணம் கேட்கும்போது அதையே காரணம் காட்டுவார்கள்.

தினமும் காலையில் வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்பும் தொழிலாளிக்கு வண்டிதான் சோறு. ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. கையில் இருக்கும் பணத்தில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் அது நல்ல ஏர் பில்டராக இருக்கட்டும். சைலன்சர் கம்பெனி கொடுத்தபடியே இருக்கட்டும். என்ஜினும் பிழைக்கும், தெருவில் தூங்க வைத்த குழந்தையும் திடுக்கிட்டு எழாது.