தொடுகையைப் படிப்பாக்கிய பெண்கள்: இயன்மருத்துவப் பட்டமும் எமது கரையோரமும்

எமது கல்லூரி நூறாவது ஆண்டைக் காணும் இவ்வேளையில், வினாயகபுரத்துப் பழைய மாணவியரான எம்மிடம் மலர்க் குழுவினர் ஒரு கட்டுரை கேட்டனர். இங்கு படித்து ஆசிரியைகளாகவும் வைத்தியர்களாகவும் ஆனவர்களைப் பற்றி ஏனையோர் எழுதுவர். அதனால், அதிகம் பேசப்படாத ஒரு படிப்பின் வரலாற்றை நாம் எடுத்துக்கொண்டோம். அது இயன்மருத்துவம், ஊரில் எல்லோரும் பிசியோதெரபி என்பார்கள்.

எம்மில் ஒருவருக்கு இப்படிப்புக்கென்று கம்பஸ் எடுபட்டபோது வீட்டில் இரண்டு கேள்விகள் எழுந்தன. "டொக்டருக்குக் கிடைக்கல்லையா மகள்?" என்பது முதலாவது. அம்மம்மா கேட்டது இரண்டாவது: "ஆம்பிளையள்ட கையையும் காலையும் பிடிச்சு விடுற வேலையா?" அன்று எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. அதே கேள்வி ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இலண்டனில் கேட்கப்பட்டது என்பதைப் பின்னர்தான் படித்தறிந்தோம்.

1894ஆம் ஆண்டு இலண்டன் நகரில் மசாஜ் நிலையங்கள் பற்றிய அவதூறுகள் பரவின. அவற்றில் சில தவறான தொழிலுக்கு மறைவிடமாக உள்ளன என்று மருத்துவ ஏடே எழுதிற்று. நேர்மையாக இவ்வேலையைச் செய்துவந்த தாதியரின் பெயரும் கெட்டது. அப்போது லூசி ரொபின்சன், ரோசலிண்ட் பேஜெட், எலிசபெத் மான்லி, மார்கரெட் பாமர் ஆகிய நால்வரும் சேர்ந்து, பயிற்சி பெற்ற மசாஜ் பணியாளருக்கென ஒரு சங்கம் அமைத்தனர். வேலையைக் கைவிடுவதற்குப் பதிலாக அதற்கு விதிகளை வகுத்தனர், பரீட்சை வைத்தனர். வைத்தியரின் பணிப்பின்றிச் சிகிச்சை செய்வதில்லை என்றும், ஆண்களுக்குப் பொதுவாகச் செய்வதில்லை என்றும் கட்டுப்பாடு விதித்துக்கொண்டனர். 1920இல் அச்சங்கம் அரச பட்டயம் பெற்றது. முதலாம் உலகப் போரில் காயமுற்ற படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தபோது, அந்தப் பழைய கட்டுப்பாடு நிலைக்கவில்லை. தேவையும் தேர்ச்சியும் அதை மாற்றின.

இத்தொழிலைப் படிப்பாக வளர்த்ததிலும் பெண்களின் பங்கு பெரிது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வில்ஹெல்மின் ரைட் என்னும் பெண்மணி, இளம்பிள்ளை வாதம் கண்ட பிள்ளைகளின் தசைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து வலுவை அளக்கும் முறையை 1912இல் எழுதி வெளியிட்டார். இன்றும் நாம் தசையின் வலுவை 0 முதல் 5 வரை தரப்படுத்துகிறோம். அந்த அளவைக்கு வழிகாட்டியவர்களுள் அவரும் ஒருவர். நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1913இல் இதற்கென ஒரு கல்விக்கூடம் தொடங்கிற்று. உலகச் சம்மேளனம் 1951இல் உருவாயிற்று.

எமது பிராந்தியத்தில் முதலில் வழி திறந்தது பம்பாயில். 1953இல் கே.ஈ.எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு இயன்மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டின் வேலூரில் டொக்டர் மேரி வர்கீஸ் செய்த பணியை இங்கு குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1954இல் நிகழ்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த அவர், சக்கர நாற்காலியில் இருந்தபடியே சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் நியூயோர்க்கில் புனர்வாழ்வு மருத்துவம் பயின்று வந்து, 1966இல் வேலூரில் தங்கிச் சிகிச்சை பெறும் புனர்வாழ்வு நிலையம் உருவாகக் காரணமாயிருந்தார். இலங்கையில் 1957இல் கொழும்புப் பெரியாஸ்பத்திரியோடு இணைந்த பயிற்சிக் கல்லூரி ஆரம்பமாயிற்று. அங்கு கிடைத்தது டிப்ளோமா. பல்கலைக்கழகப் பட்டமாக இது வர, இந்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

அக்காலங்களில் எமது கரையோரத்தில் என்ன இருந்தது? கை கால் முறிந்தால் முறிவு நெரிவு வைத்தியர் கட்டுப் போடுவார். பிள்ளை பெற்றவளையும் குழந்தையையும் மருத்துவிச்சி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார். அவர்களின் கைப்பழக்கத்தை நாம் குறைவாக எண்ணவில்லை. ஆயினும் அவற்றுக்கு அப்பாற்பட்ட துன்பங்கள் வந்தன. 1962இல் இலங்கையில் இளம்பிள்ளை வாதம் பெருந்தொற்றாகப் பரவியது. சொட்டு மருந்தின் பயனாக 1993க்குப் பின்னர் நாட்டில் ஒரு நோயாளியேனும் காணப்படவில்லை. அந்நோய் ஒழிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் யுத்தம் கால்களைப் பறித்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர் தப்பியவர்களுள் எலும்பு முறிந்தோரும் நடக்க முடியாதோரும் பலர். பொத்துவிலிலிருந்து கல்முனை வரை, தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி, ஒவ்வொரு ஊருக்கும் அந்தத் தேவை இருந்தது.

பட்டப்படிப்பின் கதவு திறந்தது இதே காலத்தில்தான். பேராதனையில் இணைந்த சுகாதார விஞ்ஞான பீடம் 2007இல் அமைந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் இப்பட்டம் வழங்கப்படுகிறது. க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் பயின்றோர் இசட் புள்ளியின்படி தெரிவாகின்றனர். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் முழு இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியவை. அம்பாறையும் அந்தப் பதினாறில் ஒன்று. இச்சலுகை எமக்கு வழி விட்டது என்பதைச் சொல்ல நாம் வெட்கப்படவில்லை. ஆய்வுகூடமும் உயிரியல் ஆசிரியரும் இல்லாத பாடசாலைகளிலிருந்து வந்தவர்களுக்கு அது நியாயம்.

பட்டம் நான்கு ஆண்டுகள். முதலில் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனம். பின்னர் அசைவின் பொறியியல், உடற்பயிற்சிச் சிகிச்சை, மின்சிகிச்சை. அதன்மேல் நரம்பு, சுவாசம், இருதயம், மூட்டு, குழந்தை நோய் என்று பிரிவு பிரிவாக வைத்தியசாலைப் பயிற்சி. ஈற்றில் ஓர் ஆய்வு. தமிழில் படித்து வந்த எமக்கு விரிவுரை ஆங்கிலத்தில். விடுதி வார்டில் படுத்திருந்தவர்களின் மொழி சிங்களம். "ககுல உஸ்ஸன்ன", காலைத் தூக்குங்கள் என்பதுதான் நாம் முதலில் மனனம் செய்த வசனம். உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்த கண்டி மூதாட்டி ஒருவர், தம் காலைத் தூக்கிக்கொண்டே எமக்குச் சிங்களம் கற்பித்தார்.

எல்லாவற்றையும்விட எம்மைப் பாதித்தது விடுமுறையில் ஊருக்கு வந்தபோது கண்ட ஒரு காட்சி. அயல்வீட்டு மாமா ஒருவர் பாரிசவாதம் வந்து ஆறு மாதங்களாகப் படுக்கையில் இருந்தார். மாமி நேரத்துக்கு ஊட்டி, கழுவி, உடை மாற்றிக் கண்ணாகப் பார்த்திருந்தார். அசைத்தால் நோகும் என்று எண்ணிக் கையை மட்டும் யாரும் அசைக்கவில்லை. தூக்கி இருத்தும்போது செயலற்ற கையைப் பிடித்து இழுத்திருந்தார்கள். தோள் மூட்டு நழுவியிருந்தது. முழங்கையும் விரல்களும் மடங்கி இறுகிவிட்டன. முதல் நாட்களிலேயே சரியாகக் கிடத்தி, மெதுவாக அசைத்து, காலத்தோடு இருத்திப் பழக்கியிருந்தால் இந்தளவுக்கு வந்திராது. அந்தக் கையை எம்மால் நிமிர்த்த முடியவில்லை. "முந்தியே ஆரும் சொல்லல்லையே மகள்" என்று மாமி அழுதார். அன்பு குறைவில்லாத வீட்டில் அறிவு எட்டாமற் போனதால் வந்த இழப்பு அது.

அம்மம்மாவின் கேள்விக்கு இப்போது எம்மிடம் மறுமொழி உண்டு. ஆம், அம்மம்மா, கையையும் காலையும் பிடிக்கிற வேலைதான். எந்தக் கையை எந்தப் பாகையில், எவ்வளவு பலத்தோடு, எத்தனை தடவை பிடிப்பது, எப்போது பிடிக்கக் கூடாது என்பதைக் கற்கத்தான் நான்கு ஆண்டுகள். அதன் பின்னர் இலங்கை மருத்துவ சபையில் பெயரைப் பதிந்துதான் தொழில் செய்கிறோம். 1894இல் அந்த நால்வர் நாடியதும் இந்த மதிப்பைத்தான்.

முதற் கேள்விக்கும் ஒரு சொல். இது டொக்டருக்குக் கிடைக்காதவர்களின் படிப்பு என்ற எண்ணம் எமது வீடுகளிலிருந்து போக வேண்டும். சத்திரசிகிச்சை முடிந்தவர் மீண்டும் வயலில் இறங்குவதும், தோணி தள்ளுவதும், தொழுகையில் மடிந்து எழுவதும், கோயில் வீதியைச் சுற்றி வருவதும் பெருமளவில் இப்படிப்பில் தங்கியிருக்கின்றன.

உயர்தரம் எழுதும் தங்கைமாருக்கு நாம் சொல்வது இதுதான்: விண்ணப்பப் படிவத்தில் இப்பாடநெறியை விரும்பி எழுதுங்கள். படித்து முடித்து, இயன்றவர்கள் இக்கரைக்குத் திரும்பி வாருங்கள். உயிரியல் வகுப்பில் தவளையை அறுக்கப் பயந்து நின்ற எம்மைக் கைபிடித்து முன்னே நிறுத்திய எமது ஆசிரியைகளை நன்றியோடு வணங்குகின்றோம். எமது கல்லூரி அன்னை பல்லாண்டு வாழ்க!