புற்றுச் செல்லின் அடையாளத்தைத் தேடிய வரலாறு

செல்லின் மீதோ உள்ளேயோ இருந்து, நோய் எதிர்ப்பு மண்டலம் இனங்காண உதவும் மூலக்கூறு ஆன்டிஜென் எனப்படும். கிருமியின் ஆன்டிஜென் உடலுக்கு அந்நியமானது. அதை இனங்காண்பது எளிது. புற்றுச் செல்லோ உடலின் சொந்தச் செல் திரிந்து உருவானது. அதற்கெனத் தனி அடையாளம் உண்டா என்ற கேள்வி இருபதாம் நூற்றாண்டின் மருத்துவத்தை நெடுங்காலம் ஆட்கொண்டிருந்தது.

1957இல் அமெரிக்காவில் பிரென், மெயின் ஆகிய இருவர் செய்த சோதனை முதல் தெளிவைத் தந்தது. ஒரே மரபமைப்புள்ள எலிகளில் வேதிப்பொருளால் தூண்டிய கட்டியை வளரவிட்டு அகற்றினர். அதே கட்டியை மறுபடி பொருத்தியபோது எலிகள் அதை ஏற்கவில்லை. கட்டி தோன்றிய எலியின் தோலையோ அவை ஏற்றுக்கொண்டன. கட்டியில் மட்டும் ஏதோ வேறுபாடு இருந்தது.

1963இல் மாஸ்கோவில் ஆபெலெவும் அவருடைய குழுவினரும் எலியின் கல்லீரல் புற்றில் ஆல்ஃபா ஃபீட்டோபுரதத்தைக் கண்டனர். அது கருவில் இயல்பாகச் சுரக்கும் புரதம். அடுத்த ஆண்டே டாட்டாரினோவ் கல்லீரல் புற்றுநோயாளிகளின் ரத்தத்திலும் அதைக் கண்டார்.

1965இல் மான்ட்ரியலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மேனும் பெருங்குடல் புற்றை ஆராய்ந்தனர். கட்டியின் சாற்றை முயலுக்குச் செலுத்தி, அதன் ஆன்டிஜென்களோடு வினைபுரியும் ஆன்டிபாடிகளை உண்டாக்கினர். பின்பு அதே நோயாளியின் நலமான குடல் சாற்றை முயலின் ரத்தச் சீரத்தில் சேர்த்து, இரண்டுக்கும் பொதுவான ஆன்டிபாடிகளை நீக்கினர். எஞ்சியவை கட்டியோடு வினைபுரிந்தன. கருவின் குடலோடும் வினைபுரிந்தன. அந்த ஆன்டிஜென் சிஇஏ எனப் பெயர் பெற்றது.

புற்றுக்கே உரிய அடையாளம் கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை நீடிக்கவில்லை. நுண்ணிய சோதனைகள் வந்ததும் நலமான குடலிலும் சிஇஏ சிறிதளவு இருப்பது தெரிந்தது. புகைபிடிப்பவர் ரத்தத்தில் அதன் அளவு கூடுதலாக இருந்தது. நலமான செல் அதைக் குடலின் உட்புழைப் பக்கம் மட்டுமே வெளிவிடுகிறது. அது மலத்தோடு போய்விடும். புற்றுச் செல்லில் அந்தத் திசை ஒழுங்கு குலைவதால் சிஇஏ ரத்தத்தில் கலக்கிறது. ஆனாலும் புற்று இல்லாதவரிடமும் கூடுவதால், நோயைக் கண்டறியும் பொதுச் சோதனையாக அது நிலைக்கவில்லை. சிகிச்சைக்குப் பின் நோய் திரும்புகிறதா எனக் கண்காணிக்க இன்றும் பயன்படுகிறது.

1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டுமளவு உருவாக்கும் வழியைக் கண்டனர். அதன் பயனாக 1997இல் ரிட்டுக்சிமாப் என்ற ஆன்டிபாடி மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது குறிவைக்கும் சிடி20 என்ற ஆன்டிஜென், நோய் எதிர்ப்பு மண்டலத்தின் நலமான பி செல்களிலும் உண்டு. ஆனால் ரத்தத்தின் ஸ்டெம் செல்களில் அது இல்லை. அழிந்த பி செல்கள் மீண்டும் பிறக்கின்றன. 1998இல் மார்பகப் புற்றுக்கு டிராஸ்டுசுமாப் வந்தது. அதன் இலக்கான ஹெர்2 நலமான செல்லிலும் ஆயிரக்கணக்கில் உண்டு. சில கட்டிகளின் செல்லிலோ இருபது லட்சம் வரை பெருகுகிறது. வேறுபாடு அளவில்தான்.

அந்த அளவு எத்தனை முக்கியம் என்பதை 2010இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் அறிக்கை துயரத்தோடு உணர்த்தியது. ஹெர்2வைத் தாக்குமாறு மாற்றப்பட்ட டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களைப் பெற்ற நோயாளிக்குச் சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறியது. ஐந்து நாளில் அவர் இறந்தார். நுரையீரல் செல்களில் இருந்த சிறிதளவு ஹெர்2வையே அந்த டி செல்கள் தாக்கியிருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கருதினர்.

ஒரே கட்டிக்குள்ளும் செல்லுக்குச் செல் ஆன்டிஜென் மாறுபடும். 2017இல் ஒப்புதல் பெற்ற, சிடி19 என்ற ஆன்டிஜெனைக் குறிவைக்கும், மாற்றப்பட்ட டி செல்களைக் கொண்ட கார்-டி சிகிச்சைக்குப் பின் சிலருக்கு ரத்தப் புற்று திரும்புகிறது. அவர்களுள் ஒரு பகுதியினரின் புற்றுச் செல்களில் சிடி19 காணப்படுவதில்லை. மார்பகப் புற்றில் ஹெர்2 நிலையும் காலப்போக்கில் மாறக்கூடும். அதனால்தான் நோய் திரும்பும்போது, முடிந்தவரை புதிதாகத் திசு எடுத்து ஹெர்2 சோதனையை மறுபடி செய்கிறார்கள்.