புழு காட்டின பல்லும், சதுர அரமும்

நான் செயின் சாவை முதன்முதலா கையில எடுத்தது 2018 நவம்பர்ல, கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்ச்சுப் போட்டப்ப. மெஷினை ஓட்டறது ஒரு வாரத்துல பழகிடும். பல்லுக்கு அரம் போடறதுதான் வித்தை. அந்த வித்தைக்குன்னு ஒரு வரலாறு இருக்கு. அதுல பெரும்பகுதி நடந்தது அமெரிக்காவோட மேற்குக் கரையில, ஒரேகான் மாநிலத்துக் காடுகள்ல.

ரெண்டு ஆள் இழுக்கிற நீள வாளால மரம் அறுத்த காலத்துல, அங்க ஒவ்வொரு மரவெட்டு முகாம்லயும் அரம் போடறதுக்குன்னே ஒருத்தர் இருப்பார். வெட்டறவங்க வேற, கூர் ஏத்தறவர் வேற. அவருக்கு நல்ல மரியாதை. அப்புறம் செயின் சா வந்தது. ஆனா ஆரம்பத்துல சங்கிலியில வச்சதும் அந்தப் பழைய வாளோட பல்லு மாதிரிதான். சில பல்லு கீறும், சில பல்லு தூளை வாரும். சீக்கிரம் மழுங்கும், கூர் ஏத்த நேரம் தின்னும்.

1946-ல ஜோ காக்ஸ்ங்கிற மரவெட்டி, ஒரு வண்டோட புழு மரத்தைத் தின்னுறதைக் குனிஞ்சு பார்த்துக்கிட்டிருந்தார். நம்ம ஊர்ல மரத்துல புழுவைப் பார்த்தா குத்தி எடுத்துத்தான் பழக்கம். அவர் அதோட வாயைப் பார்த்தார். வலமும் இடமுமா மாறி மாறிக் கடிச்சு, நார் எந்தப் பக்கம் ஓடினாலும் அறுத்துக்கிட்டே போகுது. அதே மாதிரி வலது பல்லு ஒண்ணு, இடது பல்லு ஒண்ணுன்னு வளைச்சு ஒரு சங்கிலி செஞ்சார். 1947-ல போர்ட்லாண்ட்ல கம்பெனியும் ஆரம்பிச்சார். இன்னைக்கு நம்ம கையில இருக்கிற சங்கிலியும் அந்த வம்சம்தான்.

அந்தப் பல்லு வளைஞ்சு இருந்ததால உருண்டை அரமே போதும். யாரும் கத்துக்கலாம். முகாம்ல அரம் போட்டவரோட தனி வேலை இதோட போச்சு.

ஆனா பெரிய டக்ளஸ் ஃபிர் மரங்களை வெட்டறவங்க சிலருக்கு அது போதலை. எவ்வளவு மரம் சாய்க்கிறோமோ அவ்வளவு கூலின்னு வேலை பார்த்தவங்க அவங்க. உருண்டை அரம் பல்லோட மூலைக்குப் பின்னாடி ஒரு குழிவை விட்டுடும். சதுர மூலைப் பல்லுல ரெண்டு தட்டையான சரிவு, தச்சன் உளி மாதிரி, மூலையில வந்து நேரா சேரணும். அப்படி இருந்தா நாரைச் சீவிக்கிட்டு வேகமா இறங்கும்.

இதுக்கு முக்கோண அரமோ, ஓரம் ரெண்டும் சரிஞ்ச தட்டை அரமோ வேணும். உருண்டை அரத்தைப் பல்லோட உள்ளேயிருந்து வெளியே தள்ளுவோம். இதைப் பெரும்பாலும் வெளியேயிருந்து உள்ளே தள்ளுவாங்க. அரத்தோட விளிம்பு பல்லோட மூலையில மிகச் சரியா விழணும். மயிரிழை மேலயோ கீழயோ போனா ஒரு சரிவு நீளும், மூலை சிதைஞ்சிரும், அப்புறம் உருண்டைப் பல்லை விட மோசமாத்தான் அறுக்கும். இந்த வேலைக்கு மெஷினும் வந்திருச்சு, ஆனா அதைத் தூக்கிட்டு மலை ஏற முடியாது. காட்டுல கட்டை மேல உட்கார்ந்து அரம் போடறவங்க இன்னும் அங்க உண்டு. மண்ணுல ஒரு தடவை பட்டாலும் அந்த மூலை போயிடும். மறுபடியும் முதல் பல்லுல இருந்து.