தானத்தில் விடுபட்ட திரை

தமிழகக் கண் தானத்தின் வரலாறு பெரும்பாலும் கருவிழியின் வரலாறே. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் மருத்துவர் ஆர்.இ.எஸ். முத்தையா 1945இல் இந்தியாவின் முதல் கண் வங்கியை நிறுவி, 1948இல் கருவிழி மாற்று அறுவையையும் செய்தபோது, வேண்டியிருந்தது கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடிபோல் கவிந்திருக்கும் ஒளிபுகும் படலம் மட்டுமே. உட்சுவரை ஒட்டியிருந்து ஒளியை நரம்புச் செய்தியாக மாற்றும் விழித்திரையைப் பிறருக்குப் பொருத்த வழியில்லாததால், அதை எவரும் பொருட்படுத்தவில்லை. 2021இல் பெங்களூரில் நடிகர் புனித் ராஜ்குமார் மறைந்தபின் அவருடைய கருவிழிகளைப் படலம் படலமாகப் பிரித்து நால்வருக்குப் பொருத்திய செய்தியிலும் விழித்திரைக்கு இடமில்லை.

கருவிழி பொறுமையானது. இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுத்து, எம்.கே. கரைசல் எனப்படும் பாதுகாப்பு நீர்மத்தில் குளிரவைத்தால் 4 நாள் தாங்கும் என்பதால், போச்சம்பள்ளி போன்ற சிற்றூர்களிலிருந்தும் பெருநகரக் கண் வங்கிக்கு அது கெடாமல் போய்ச் சேரும். ஆக்சிஜனை மிகுதியாகச் செலவிடும் விழித்திரையோ, இரத்த ஓட்டம் நின்றதுமே நலியத் தொடங்கிவிடும்.

ஆயினும் ஆய்வுக்கு மனித விழித்திரை தேவைப்பட்டதற்குக் காரணம் எலி. படிக்கவும் முகம் அறியவும் உதவும் மாக்குலா என்னும் மையப்பகுதி எலியின் விழித்திரையில் இல்லை; ஆகவே முதுமையில் வரும் மாக்குலாச் சிதைவுக்கான மருந்து எலியில் பலித்தாலும் மனிதரில் பலிக்கும் என்ற உறுதியில்லை. எனவே, தானமாக வந்த கண்ணின் முன்பகுதியை நீக்கி, ஜெல்லி போன்ற விட்ரியஸை அகற்றி, கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள விழித்திரையை நனைந்த தாளைப் பிரிப்பதுபோல் உரித்துத் துண்டுகளாக வெட்டி, ஊட்டக் கரைசலைத் தொட்டிருக்கும் சவ்வில் பரப்பி, மருந்திட்ட துண்டையும் இடாததையும் ஒப்பிடுகின்றனர். பார்வை நரம்பு அறுபட்டதால் அதற்குரிய அணுக்கள் விரைவில் மடியத் தொடங்குமாகையால், இச்சோதனைக்குக் கிடைப்பது சில நாள்களே. அமெரிக்க ஆய்வாளர்கள் 2022இல், இறந்து 5 மணி நேரம் வரை கடந்த கண்களின் மாக்குலாவில் ஒளியுணர் அணுக்களை மீண்டும் ஒளிக்கு எதிர்வினை புரியச் செய்தனர்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஆய்வாளர்கள் தானக் கண்களின் முன்பகுதியை உயிர்ப்புடன் வளர்த்து, ஸ்டீராய்டு மருந்து சிலருக்கு மட்டும் கண் அழுத்தத்தை உயர்த்துவதன் காரணத்தை ஆராய்ந்துள்ளனர். விழித்திரைக்கோ முழுக் கண்ணும் வேண்டும், அங்குதான் சிக்கல். முன்பு கண்கோளத்தையே எடுத்த கண் வங்கிகளில் பல, முகத் தோற்றம் கெடாதிருக்க இன்று கருவிழியையும் அதைச் சூழ்ந்த வெண்விளிம்பையும் மட்டுமே வெட்டியெடுப்பதால், விழித்திரை உடலோடு போய்விடுகிறது. சிவனுக்குத் தன் கண்ணைத் தந்த கண்ணப்பர் கதையில்கூடக் கண்ணைப் பெறுபவர் ஒருவர் உண்டு. இங்கோ, பெறுபவர் எவரையும் சுட்டிக்காட்ட இயலாத ஆய்வுக்காக முழுக் கண்ணையும் தரும்படி, துக்க வீட்டில் தனியே இசைவு கேட்க வேண்டியிருக்கிறது.